வலப்பக்கம் திரும்பாத வண்டி

வழுக்குவதற்கென்றே செய்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "வழுக்குது" என்று புகார் சொல்வார்கள். அதைச் சிரிக்காமல் கேட்டு எழுதிக்கொள்வதுதான் எங்கள் தொழிலுக்கு முதல் தகுதி. கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்கள் யாராக இருந்தாலும் இந்த வேதனை புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் நியூ ஜெர்சியின் வடமேற்கு மூலையில், ஏரிக்கரை ஊர் ஒன்றில் ரிப்பேர் கடையில் இருந்தேன். கோடையில் புல் வெட்டும் மெஷின், குளிரில் பனிமேல் ஓடும் ஸ்நோமொபைல். முன்னால் சக்கரத்துக்குப் பதில் சறுக்குப் பலகை மாதிரி இரண்டு ஸ்கீ, பின்னால் ரப்பர் பட்டை, நடுவில் நீள சீட்டு, அவ்வளவுதான். கோயமுத்தூரில் மொபெட் பிரித்துப் பூட்டிய கைக்கு இதென்ன பிரமாதம் என்று நினைத்தேன்.

முதலாளி வால்ட் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தார். சரிசெய்து அனுப்பிய வண்டி அதே குறையோடு திரும்பி வந்தால், செய்தவன் பெயருக்கு நேரே ஒரு சாக்பீஸ் கோடு. ஊரில் இருந்த என் மனைவி செல்விக்கு விசா நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு நிரந்தர வேலை உண்டு என்று முதலாளி கடிதம் தரவேண்டும். கல்யாணமாகி மூன்று வருஷம், சேர்ந்து இருந்தது ஒரே மாதம். கூச்சத்தை விட்டுக் கேட்டேன். வால்ட் சொன்னார்: "சீசன் முடியட்டும். மூணு கோடு விழுந்தா லெட்டரும் கிடையாது, வேலையும் கிடையாது."

நூல் பிடித்த நேர்

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற அம்மாள் ஒருவர் தன் பழைய வண்டியைக் கொண்டுவந்தார். நேர்ப்பாதையிலேயே அலைகிறது என்றார். ஹேண்டில்பாரிலிருந்து ஸ்கீக்குப் போகும் கம்பிகளின் மூட்டுகள் கடகடவென்று ஆடின. மாற்றினேன். பிறகு ஊர் வழக்கப்படி பின்னாலிருந்து முன்னால் வரை நூல் கட்டி, இரண்டு ஸ்கீயையும் தண்டவாளம் போல நேராக வைத்தேன். என் வேலையை நானே நின்று ரசித்தேன்.

ஒரே வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. வால்ட் சொல்லித்தான் தெரிந்தது, ஸ்கீ இரண்டும் முன்பக்கம் துளி அகன்று நிற்கவேண்டுமாம். அச்சு நேராக வைத்தால் பனியில் இருக்கிற பழைய தடத்தையெல்லாம் தேடிக்கொண்டு ஓடுமாம். வால்ட் சாக்பீஸை எடுத்தபோது அந்த அம்மாள் என்னிடம் பரிவாகத்தான் சொன்னார்: "நீ நேராத்தான் வச்சிருக்கே தம்பி, அதுதான் என் வேட்டைநாய் மாதிரி மோப்பம் பிடிச்சுக்கிட்டே போகுது."

மருந்துச் சீட்டோடு வந்த டாக்டர்

அடுத்தவர் பல் டாக்டர். ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகிறது, முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் போய்விட்டது, மாற்று என்றார். படித்தவர் சொல்கிறாரே என்று மாற்றினேன். நான்காம் நாள் அதே புகாரோடு வந்து நின்றார். ஸ்கீயைத் தூக்கி அடியில் பார்த்தேன். பனியைக் கடித்துப் பிடிக்கவேண்டிய இரும்புக் கம்பி, பழைய ரப்பர் செருப்பின் அடி மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தது. முதல் நாளே குனிந்து பார்த்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

இரண்டாவது கோடு விழுந்தது. பக்கத்து பெஞ்சு மெக்கானிக் ரே, சாண்ட்விச்சை மென்றுகொண்டே கேட்டான்: "எந்தப் பல்லைப் பிடுங்கணும்னு நீ போய்ச் சொன்னா அவர் பிடுங்குவாரா?"

எதிலும் மோதாதவர்

இடப்பக்கமாகவே இழுக்கிறது என்று ஒருவர் வந்தார். எங்கேயாவது மோதினீர்களா என்று கேட்டேன். சத்தியமாக இல்லை என்றார். ஸ்கீயைத் தாங்கும் கை வளைந்திருந்தது; அதன் இடுக்கில், இங்கே வீட்டு வாசலில் கம்பம் நட்டு வைக்கிற தபால் பெட்டியின் சிவப்புக் கொடித் தகரத் துண்டு ஒன்று மாட்டியிருந்தது. உருவி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதைக் கொண்டுவந்து அந்த இடத்துல நட்டவனைத்தான் நீங்க கேக்கணும்."

ஸ்கூட்டர் பழக்கம்

பிறகு வந்தார் சுந்தரம். ஜெர்சி சிட்டியில் இருந்துகொண்டு ஏதோ பாங்கில் கம்ப்யூட்டர் கான்ட்ராக்ட். யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் ஒரு கிழட்டு ஸ்நோமொபைலை வாங்கியிருந்தார். ரைட்டில் திரும்பமாட்டேன் என்கிறது என்றார். தமிழ் முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அடி முதல் நுனி வரை குனிந்து, படுத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. நானே ஓட்டினேன், சொன்ன பேச்சைக் கேட்டது. அனுப்பிவைத்தேன்.

சனிக்கிழமை திரும்பி வந்தார், மனைவி மீனாவோடு. "சார், அதே ப்ராப்ளம். ரைட் எடுத்தா ஸ்ட்ரெயிட்டா மரத்தைப் பாத்துப் போகுது. ஒய்ஃப் பயந்துட்டா." வால்ட் கரும்பலகை பக்கம் நடந்தார். மூன்றாவது கோடு. அப்போதுதான் 'ஒய்ஃப்' என்ற சொல் உறைத்தது.

மீனாவிடம் கேட்டேன்: "ஏனுங்க, நீங்களும் ஏறுவீங்களா? எப்படி உக்காருவீங்க, கொஞ்சம் காட்டுங்க."

"இதிலென்ன அண்ணா இருக்கு?" என்று மீனா சீட்டின் கடைக்கோடியில், இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கவிட்டு, ஒருபக்கமாக உட்கார்ந்தார். மடியில் புளியோதரை ஹாட்பேக். ஊரில் பன்னிரண்டு வருஷம் ஸ்கூட்டரில் போன தோரணை. கனமெல்லாம் பின்னாலும் இடப்பக்கமும் போனால் முன்ஸ்கீ தூக்கிக்கொள்ளும். வலது ஸ்கீ பனியைத் தொடவே தொடாது. அமெரிக்கா முழுக்க எந்த மெக்கானிக்குக்கும் இந்த நோய் தெரிந்திருக்க வழியில்லை.

வால்ட்டுக்கு இதை வாயால் விளக்க முடியவில்லை. ஆகவே அவரையே அப்படி உட்காரவைத்தேன். ஆறடி ஆள், கல்யாணப் பெண் மாதிரி ஒருபக்கமாக, மடியில் ஹாட்பேக்கோடு உட்கார்ந்தார். கடைக்குப் பின்னால் ஒரு சுற்று. வலப்பக்கம் ஒடித்தேன், வண்டி நேரே போய்ப் பனிக்குவியலில் செருகியது, வால்ட் அதற்கு முன்பே செருகியிருந்தார். எழுந்து பனியைத் தட்டிவிட்டு, கையிலிருந்த சாக்பீஸைப் பைக்குள் போட்டுக்கொண்டார். முன்பக்கக் கனம் ஸ்கீ மேல் விழும்படி பட்டைக்குள் இருக்கும் வாரை ஒரு துளை இறுக்கிக் கட்டினேன். இரண்டு பக்கமும் கால் போட்டு, முன்னால் நெருங்கி உட்காரச் சொன்னேன். மீனா கணவரைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப நான் ட்ரைவ் பண்றேன், நீங்க பின்னாடி எப்படி வேணா உக்காந்துக்கோங்க."

கடிதம்

மார்ச் கடைசியில், தரையில் பனி கரைந்ததும், வால்ட் கடிதத்தைத் தட்டச்சு செய்து நீட்டினார். நிரந்தர வேலை, சம்பளம், எல்லாம் முறையாக இருந்தது. கீழே, கன்சுலேட்டுக்குத் தேவையே இல்லாத ஒரு வரியைப் பேனாவால் எழுதியிருந்தார். வாசித்து முடிக்கும் முன் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது: "இவர் வேலையை நானே பின்னால் உட்கார்ந்து சோதித்திருக்கிறேன்."

செல்வி வந்து சேர்ந்த முதல் பனிக்காலத்தில் வால்ட் எங்களுக்கு ஒரு வண்டி கொடுத்தார். அவள் ஏறி ஒருபக்கமாக உட்கார்ந்துகொண்டு "போலாங்க" என்றாள், தொழில் தெரிந்த நான் வாயைத் திறக்காமல் அன்று முழுக்க இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி வீடு வந்து சேர்ந்தேன்.