மன்னி கூடத்தில் வைத்த பாட்டில்கள்

1958 செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு இருபது. பகலெல்லாம் புழுங்கவிட்டு, ஐந்து நிமிஷம் தூறி ஏமாற்றிவிட்டுப் போயிருந்தது மழை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் விளக்கேற்றியாயிற்று. அதன் முன்னால், பரணிலிருந்து இறக்கிய காலி அரிஷ்டப் பாட்டில்களை ஒவ்வொன்றாக வரிசையில் வைத்துக்கொண்டிருந்தாள் என் அண்ணாவின் மனைவி. எதையும் எண்ணாமல் இருக்க எனக்கு வராது. இருபத்தாறு. மன்னிக்கு அப்போது வயது இருபத்திரண்டு. அதுவரை அப்பா எதிரில் அவள் தூணுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றதில்லை.

முந்தின வருஷம் அண்ணாவுக்கு டைபாய்டு வந்து, பிழைத்ததே பெரிய காரியம் என்றிருந்தது. உடம்பு தேற வைத்தியர் திராட்சை அரிஷ்டம் எழுதிக் கொடுத்தார்: சாப்பாட்டுக்குப் பின் இரண்டு ஸ்பூன், ஒரு மாதத்துக்கு. அரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்வது, அதில் போதை உண்டு என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. மதுவிலக்கு இருந்த காலம். கள்ளுக்கடையை மூடியிருந்தார்கள், நாட்டு மருந்துக்கடை திறந்திருந்தது. மாதம் முடிந்தும் மருந்து நிற்கவில்லை. ஸ்பூன் போய் அவுன்ஸ் கிளாஸ் வந்தது, பிறகு டம்ளர். காலையில் அண்ணாவுக்குக் கை நடுங்கும், காபி டம்ளர் பல்லில் இடிக்கும். "பலஹீனம்" என்று அம்மா தன் கையாலேயே கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பாள். நடுக்கம் நின்றுவிடும். மருந்து பிடிக்கிறது என்று அம்மாவுக்கு அத்தனை சந்தோஷம். ஆபீசில் இரண்டு முறை எச்சரித்துவிட்டார்கள். மூன்றாவது முறை வேலை போய்விடும். அதற்கும் பலஹீனம்தான் காரணம் என்றார் அப்பா.

மன்னி மலையடிவாரத்து உப்பிலியபுரத்துப் பெண். அவளுடைய சித்தப்பா ஒருவர் குடித்தே செத்தவர். காலையில் நடுங்கி, ஒரு வாய் உள்ளே போனதும் அடங்குகிற கையை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள்.

"இது மருந்து இல்லேம்மா. குடி."

அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை, விளக்கு வெச்ச நேரம்! இந்தாத்துல அந்த வார்த்தையைச் சொல்லாதேடி!"

"சொல்லாம இருந்துதானேம்மா இத்தனை பாட்டில் ஆச்சு."

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே அவளுக்குச் சொன்னார்: "மலையடிவாரத்துச் சம்பந்தம் வேண்டாம்னு அப்பவே தலையால அடிச்சுண்டேன். யார் கேட்டா?" மன்னி அசையவில்லை. அவள் அண்ணாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணா ஊஞ்சலில் இருந்தான். ஆடாத ஊஞ்சலின் சங்கிலி அவன் கை பட்டுக் கிணுகிணுத்தது. அவன் அம்மா பக்கம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் மன்னி மறுநாளே பிறந்தகத்துக்கு மூட்டை கட்டியிருக்க வேண்டும். ஊஞ்சலை விட்டு இறங்கிச் சொன்னான்: "அவ சொல்றது நிஜம்தான்ப்பா. நிறுத்திப் பார்த்தேன். முடியலே."

அன்று ராத்திரி மன்னி என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா மேல தப்பு சொல்லலை. ஆனா பிள்ளை நடுங்கினா அவாளுக்குப் பார்த்துண்டு இருக்க முடியாது, ஊத்திடுவா. கொஞ்ச நாளைக்கு வேற இடத்துல இருக்கணும். பார்த்துத் தருவேளா?"

உறையூரில் ஒற்றை அறை ஒன்று பார்த்தேன். அங்கே போகுமுன் அண்ணாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "சட்டுனு நிறுத்தினா ஜன்னி மாதிரி வரும். இங்கயே படுக்க வைங்க, பக்கத்துலயே ஆள் இருக்கட்டும்" என்றார். ஒன்பது நாள் மன்னி ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தாள். வியர்வை, பிதற்றல், இல்லாத பூச்சியைச் சுவரில் துரத்துவது எல்லாம் நடந்தது. நினைவு தெளிந்து அண்ணா முதலில் கேட்டது ரசம் சாதம். "உப்பு கம்மி" என்று குறையும் சொன்னான். "குறை சொல்ல வந்தாச்சா? அப்போ பிழைச்சாச்சு" என்று மன்னி சிரித்தாள், பிறகு வராந்தாவுக்குப் போய் அழுதாள்.

தீபாவளி சமயம் ஒருமுறை சறுக்கினான். மன்னி கத்தவில்லை, மறைக்கவுமில்லை. அவனையே டாக்டரிடம் சொல்ல வைத்தாள். அதற்குப் பிறகு இல்லை. வேலையும் போகவில்லை. முப்பது வருஷம் கழித்து அதே ஆபீசில் மாலை போட்டு அனுப்பினார்கள்.

குடிக்குக் காரணம் என்று இன்று டிவியில் சொல்கிறவர்கள் கெட்ட சகவாசம், கையில் காசு, சினிமா என்று அடுக்குகிறார்கள். இருக்கலாம். எங்கள் வீட்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஒரு காய்ச்சல், சுலபமாகக் கிடைத்த ஒரு பாட்டில், ஒரு தாயின் பிரியம், எங்களைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் வராது என்ற கௌரவம்: இவை போதுமாயிருந்தன. நல்ல குடும்பம் என்கிற நினைப்புதான் எங்கள் கண்ணை மறைத்தது. இந்த எண்பத்தேழு வயதிலும் இருமல் மருந்தைக்கூட வெளிச்சத்தில் பிடித்து அளவு பார்த்துத்தான் குடிக்கிறேன். மூடியை எண்ணுகிறேன் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூடத்தில், அத்தனை பேர் முகம் சுளிக்க, உள்ளதை உள்ளபடி சொன்ன அந்த இருபத்திரண்டு வயசுப் பெண்ணுக்குச் சமமாக ஒருவரையும் பார்த்ததில்லை. அவள் என் மன்னி என்று இன்றும் நிமிர்ந்து சொல்லுவேன்.

அறை வாடகை, முன்பணம், குதிரை வண்டி, ஸ்டவ், ஊசி மருந்து எல்லாவற்றுக்கும் என் சைக்கிளை விற்றேன். அடுத்த வருஷம் மன்னி பணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வாழ்க்கையில் நான் வேண்டாம் என்று சொன்ன தொகை அது ஒன்றுதான்: நூற்று முப்பத்தொரு ரூபாய், நாற்பது நயா பைசா.