சைரனுக்கு ஒன்றரைக் கட்டை இறக்கிய கதை

என் தம்பியைப் பற்றி எழுதச் சொன்னால் ஆயிரம் பேர் வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள். மேடையிலிருந்து விழுந்ததை எழுதுவார்கள், மைக் ஸ்டாண்டைத் தூக்கி எறிந்ததை எழுதுவார்கள், கல்யாணம் முறிந்த கதையைக் கண் காது மூக்கு வைத்து எழுதுவார்கள். எழுதட்டும். அவர்களில் ஒருவராவது அவனுக்கு மூக்குச் சிந்திவிட்டிருக்கிறார்களா? நான் சிந்திவிட்டிருக்கிறேன். அவனுக்கு ஆறு வயது மூத்தவள். பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். மற்ற நேரத்தில், இருபத்தாறு வருடமாக, அவன் பாடும் ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன்.

அவனுக்குச் சைரன் என்று பேர் வைத்தது நாங்கள் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடம். கைக்குழந்தையாக இருந்தபோது அவன் ஒரு தடவை அழுததைக் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டி என்று நினைத்து, பத்திரங்களைப் பையில் அள்ளிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டார். அப்பா லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். எங்கள் கட்டடத்து லிஃப்ட் மட்டும் ஓடவே ஓடாது, அது வேறு கதை. "வாயுள்ள பிள்ளை பொழைச்சுக்கும்" என்பார் அம்மா. பிழைத்தான், ஆனால் சுற்றியிருந்தவர்களின் உயிரை வாங்கித்தான் பிழைத்தான்.

இருபத்தோரு வயதில் குழு ஆரம்பித்தான். டிரம்ஸ் வாசித்தவர் ஒரு லாண்ட்ரிக்காரர். அவர் கடையின் பின்னறைதான் எங்கள் ஒத்திகை இடம். ஒரு பக்கம் துணி உலர்த்தும் இயந்திரம் சுற்றும், மறுபக்கம் நாங்கள் கத்துவோம். நீராவியில் கிட்டார்க் கம்பிகள் துருப்பிடித்தன. ஆனால் மேடை ஏறும்போது எங்கள் சட்டைகளில் மடிப்புக் கலையாது. அவ்வளவு சுத்தமாக உடுத்திக்கொண்டு அவ்வளவு அசுத்தமாகச் சத்தம் போட்ட குழு வேறு இருந்திருக்காது.

கிட்டார் வாசிப்பவனுக்கு மீசை என்று பேர். காரணம் சொல்ல வேண்டியதில்லை. முதலில் பேஸ் வாசித்தவன் மூன்றாம் மாதமே ஓடிப்போனான். சைரன் நேராக என் கடைக்கு வந்து நின்றான்.

"அக்கா, நாலே நாலு கம்பிதான்க்கா. உனக்கு விரல் வேற நீளம்."

"எனக்கு வேலை வெட்டி இல்லையாடா?"

"வேலைதான் இருக்கே. வெட்டிதான் இல்ல. அதுக்குத்தான் கூப்பிடுறேன்."

போனேன். அன்றைக்குப் பிடித்த சனி இன்னும் விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை.

எங்களை ஊர் அறியச் செய்தது ஒரே ஒரு பாட்டு. ஓடாத லிஃப்டைத் திட்டி அவன் எழுதியது. முடிவில் 'மேலே' என்று ஒரு சொல் வரும். அதை உச்சத்தில் பிடித்துப் பதினோரு விநாடி நிறுத்துவான். கேட்கிறவர்களுக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். வானொலியில் போட்டார்கள், வாடகைக் காரில் போட்டார்கள், பல் டாக்டரின் காத்திருப்பு அறையில்கூடப் போட்டார்கள். ஐந்தே வருடத்தில் நாங்கள் போகாத மேடை இல்லை.

அப்புறம் அவனுக்குத் தலை கனத்தது. ஒரு கம்பெனிக்காரர் வந்து, "தம்பி, நீங்க தனியாப் பாடினா எங்கயோ போயிடுவீங்க" என்றார். இவனும் மீசையோடு சண்டை போட்டு, மைக் ஸ்டாண்டை எறிந்து, அவன் முன்பல்லில் பாதியை உடைத்துவிட்டுப் போனான். வெள்ளைக் கோட்டு மாட்டி, பின்னால் வயலின்களை உட்காரவைத்து, மென்மையாகப் பாடவைத்தார்கள். அந்த இசைத்தட்டைப் போட்டுக் கேட்ட அம்மாவே, "உடம்பு சரியில்லையா இவனுக்கு?" என்றுதான் கேட்டார். ஒரு வருடம் கழித்து ஒரு காலையில் லாண்ட்ரி வாசலில் கையில் பையுடன் நின்றான்.

"என்னடா வேணும்?" என்றான் மீசை.

"துணி போட வந்தேன்."

பைக்குள் அந்த வெள்ளைக் கோட்டு மட்டும்தான் இருந்தது. மீசை அதை வாங்கிப் பார்த்தான். "கறை போகாது. உள்ள வா" என்றான். அவ்வளவுதான் சமாதானம். ஆண்பிள்ளைகள் சமாதானம் ஆகிற லட்சணம் அது!

பிறகு குடி வந்தது. மேடையிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டான். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். அவளை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன், அவள் இடத்தில் நானாக இருந்தால் இரண்டு வருடம் முன்னாலேயே போயிருப்பேன். அவன் மீது எனக்கு வந்த கோபத்தில் அடுப்பே பற்றவைத்திருக்கலாம். ஆனால் லாண்ட்ரிக்காரர் கால் உடைந்து படுத்தபோது, இரண்டு மாதம் தினமும் காலை ஏழு மணிக்குப் போய்க் கடையைத் திறந்தவனும் இவன்தான். பதினோரு சட்டைகளைத் தீய்த்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய், மன்னிப்பாக ஒரு பாட்டுப் பாடிவிட்டு வந்தான். இப்படிப்பட்டவனை முழுசாக வெறுக்கவும் முடியாது, பக்கத்தில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது.

குடியை விட்டான். விட்ட வருடம்தான் அது நடந்தது. முப்பத்தெட்டு வயது அவனுக்கு. ஒரு கல்லூரி மேடையில் அந்த 'மேலே' வரவில்லை. பாதி வழியில் உடைந்தது, முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தவன் மூன்று வாரம் எழுந்திருக்கவில்லை. "என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்க்கா. அதுவும் போச்சு" என்றான். பெண்டாட்டி போனபோதுகூட அவன் அப்படிப் பேசியதில்லை. மறுபடி பாட்டிலைத் தேடிப் போய்விடுவானோ என்று தினமும் கடைக்குப் போகிற வழியில் அவன் வீட்டை எட்டிப் பார்த்தேன்.

அப்போதுதான் நானும் மீசையும் அந்த வேலையைச் செய்தோம். கிட்டார்களை அரைக் கட்டை இறக்கிக் கட்டினோம். பாட்டு அதே பாட்டு, விரல் வைக்கும் இடமும் அதே இடம், சுருதி மட்டும் ஒரு படி கீழே. சைரன் எந்த ஒத்திகைக்கும் அரை மணி நேரம் தாமதமாகத்தான் வருவான், ஆகவே அவன் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அவனுக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. தன் இசைத்தட்டுகளையும் அவன் கேட்கவே மாட்டான், தன் குரலைத் தானே கேட்டால் கூச்சமாம். உலகத்தையே கேட்கவைத்தவனுக்கு அப்படியொரு கூச்சம்!

அன்றைக்கு 'மேலே' வந்தது. பதினோரு விநாடி நின்றது. அவன் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தான். மீசை கிட்டாரைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டான்.

இரண்டு வருடம் கழித்து இன்னொரு அரை. அப்புறம் இன்னொன்று. ஒன்பது வருடத்தில் ஒன்றரைக் கட்டை இறங்கிவிட்டோம். கம்பிகள் தொளதொளத்ததால் தடித்த கம்பிகளாக மாற்றினோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நாங்கள் ஒரு தோட்டத்தையே மறைத்தோம். அவனோ பேட்டிக்குப் பேட்டி, "நாற்பத்தேழு வயசு, அதே உச்சம்!" என்று மார்தட்டினான்.

இந்த வருடத் தொடக்கத்தில் அவன் குரலில் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. காலையில் பேச்சே எழவில்லை. அவனைக் கிட்டத்தட்ட காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு தொண்டை டாக்டரம்மாவிடம் போனேன். அவர் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, திரையில் காட்டினார். குரல் நாணில் கடலை அளவுக்கு ஒரு கட்டி, ஓரமெல்லாம் சிவப்பு.

"புதன்கிழமை எடுத்துடலாம். இனிமே இதோட கத்துனீங்கன்னா, பாட்டு மட்டுமில்ல, பேச்சும் போயிடும்" என்றார்.

சைரன் சிரித்தான். "டாக்டர், பன்னெண்டு ஊர்ல கச்சேரி ஒத்துக்கிட்டிருக்கேன். இருபத்தஞ்சு வயசுல பாடின அதே சுருதியில இப்பவும் பாடுறேன். கெட்டுப்போன தொண்டை அப்படிப் பாடுமா? வேணும்னா எங்கக்காவைக் கேளுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் கைப்பையின் வாரைப் பார்த்தேன். அவன் நிமிர்ந்து நிற்கட்டும் என்று சொன்ன பொய், இப்போது அவனை ஆபரேஷன் மேஜைக்குப் போகவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் மீசைக்குப் போன் செய்தேன்.

"சொன்னா அவன் தாங்க மாட்டான்" என்றான்.

"சொல்லலேன்னா ஊமையாப் போவான். எது பரவாயில்லன்னு நீயே சொல்லு."

"நாளைக்குக் கிட்டாரோட வர்றேன்" என்றான்.

மறுநாள் மதியம் சைரன் லாண்ட்ரிக்கு வந்தபோது, இஸ்திரி மேஜைமேல் இசைத்தட்டுப் பெட்டியை வைத்திருந்தேன். எங்கள் பழைய தட்டு அதில் இருந்தது.

"ஐயோ, இதை எதுக்குப் போடுற?" என்று காதைப் பொத்தினான். 

"கையை எடு. இல்லேன்னா கொன்னுடுவேன்."

தட்டு சுழன்றது. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய கிட்டார் ஆரம்பித்தது. முதல் வரி முடிந்ததும் நான் முள்ளைத் தூக்கினேன், மீசை அதே இடத்தைத் தன் கிட்டாரில் வாசித்தான். மறுபடி தட்டு, மறுபடி மீசை. ஒரே பாட்டு, இரண்டு உயரம். குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். சைரனின் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"எவ்வளவு?" என்றான்.

"ஒன்றரைக் கட்டை."

"எத்தனை வருஷமா?"

"ஒம்போது."

லாண்ட்ரிக்காரர் உலர்த்தும் இயந்திரத்தை நிறுத்தினார்.

"அப்போ அவங்க கை தட்டினதெல்லாம்..."

"உனக்குத்தாண்டா தட்டினாங்க! சுருதிப் பெட்டியைக் கையில வெச்சுக்கிட்டா கேக்க வந்தாங்க?" நான் கத்திவிட்டேன். "தப்புதான். படுத்த படுக்கையா கிடந்த, எனக்கு வேற வழி தெரியல. ஆனா இப்ப உன் தொண்டை போயிடும்டா. தயவுசெஞ்சு போய்ப் படு."

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். அறைந்து சாத்தியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். மெதுவாகச் சாத்தினான்.

அவனே டாக்டரம்மாவைக் கூப்பிட்டுப் புதன்கிழமைக்குச் சரி சொன்னதாக அவன் மகள் என்னிடம் சொன்னாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தாள், இருபது வயது, நல்ல பெண். அந்த மூன்று நாளும் அவன் எல்லோரிடமும் பேசினான், மீசையிடம்கூட. என்னிடம் மட்டும் இல்லை. 'குரல் பழைய நிலைக்கு வரும் என்று உறுதி சொல்ல முடியாது' என்ற தாளில் என் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைக்கூட என் கையில் தராமல் மேஜையில் வைத்தான்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. பதினான்கு நாள் மூச்சுச் சத்தம்கூட வரக் கூடாது என்றார் டாக்டரம்மா. அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். கோபத்தில் பேசாமலிருக்கிறானா, டாக்டர் சொன்னதால் பேசாமலிருக்கிறானா, எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நோட்டு வைத்திருந்தான். மகளுக்கு எழுதினான், மீசைக்குப் பக்கம் பக்கமாக எழுதினான், ஜன்னல் துடைக்க வந்தவருக்கு அவர் பிள்ளையின் பரீட்சை பற்றி எழுதினான். எனக்கு ஒரு எழுத்து இல்லை. நான் கடை முடிந்து தினமும் சூப் கொண்டுபோய் வைத்தேன். குடித்தான், கிண்ணத்தைக் கழுவி வைத்தான், கூரையைப் பார்த்தான். நான் பேசினேன், திட்டினேன், மன்னிப்புக் கேட்டேன், ஒருநாள் தேய்த்த லென்ஸ்களின் கணக்கைக்கூடச் சொன்னேன். பிறந்ததிலிருந்து அவன் கத்தலைக் கேட்டுக் காது புளித்தவள் நான். அந்தப் பதினான்கு நாளில் அவன் ஒரு தடவை என்னைத் திட்டினால் போதும் என்று ஏங்கிவிட்டேன்.

பதினைந்தாம் நாள் டாக்டரம்மாவின் அறை. மகள் ஒரு பக்கம், மீசை ஒரு பக்கம், நான் கதவோரம் நின்றேன். மறுபடி குழாய், மறுபடி திரை. கட்டி இருந்த இடம் வழவழப்பாக வெளுத்திருந்தது.

"அழகா ஆறியிருக்கு. இப்போ மெதுவா, சிரமப்படாம, 'ஆ'ன்னு ஒரே ஒரு சத்தம் குடுங்க பார்ப்போம்" என்றார்.

சைரன் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான், ஒன்றும் வரவில்லை. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஐயாயிரம் பேருக்கு முன்னால் கூசாதவன், எங்கள் நான்கு பேருக்கு முன்னால் பயந்தான்.

"பயப்படாதீங்க, எந்த உயரத்துல வந்தாலும் பரவாயில்ல" என்றார் டாக்டரம்மா.

அவன் தலையை ஆட்டினான். திரும்பினான். கதவோரம் நின்றிருந்த என்னைப் பதினெட்டு நாளுக்கு அப்புறம் முதல் தடவையாக நேராகப் பார்த்தான். ஒரு குரல் வந்தது. மெலிந்து, தாழ்ந்து, யாரோ பக்கத்து வீட்டுக்காரரின் குரல் மாதிரி இருந்தது.

"அக்கா, நீ சுருதி குடு."

இருபத்தாறு வருடம் பேஸ் வாசித்தவளுக்கு ஒரு ஸ்வரம் எழவில்லை. மீசை என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். அழுகையோடு அழுகையாக, எனக்கு எட்டிய ஏதோ ஒரு இடத்தில், கீழே, ரொம்பக் கீழே, 'ம்ம்' என்று இழுத்தேன்.

தம்பி கண்ணை மூடிக்கொண்டு, அதிலேயே வந்து சேர்ந்தான்.