இஞ்சிப் படமும் இதர பாடங்களும்

மனிதர்களுக்கு அவர்கள் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொடுப்பது அரசாங்க உத்தியோகம். சம்பளம் ஒழுங்காக வரும், கேட்கிறவர்கள்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நாலு பேர் நடுவில் சொல்லத் தயங்குகிற வார்த்தைகளைச் சத்தமாகச் சொல்லிப் பிழைத்த என் போன்ற பாவப்பட்டவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் மட்டாஞ்சேரியில் ஒரு சுகாதார நிலையத்தில் சேர்ந்தேன். பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், வேலையில் மலையாளம், சங்கடம் வந்தால் இரண்டும் கலந்து. கையில் ஒரு துணிப் படம் கொடுத்திருந்தார்கள். சுருட்டியிருக்கும், விரித்தால் கருப்பை, இரண்டு பக்கமும் குழாய்கள், குழாய் முனைகளில் முட்டைப் பைகள்.

இஞ்சி

முதல் வகுப்பு ஒரு இஞ்சிக் கிடங்கில், பெண்களின் சாப்பாட்டு நேரத்தில். படத்தை மாட்டி, "இது என்ன தெரியுமா?" என்று கேட்டேன். "இஞ்சி" என்றார்கள் எல்லோரும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாள் முழுக்கக் கொம்பு கொம்பாக இஞ்சி தரம் பிரிப்பவர்களுக்கு அது அப்படித்தான் தெரியும். பிள்ளை வளர்வது இந்தப் பையில், சோறு போவது வேறு பையில் என்று விளக்கினேன்.

ஓரத்தில் பீவி என்ற சின்னப் பெண், மாசமாக இருப்பவள், மெல்ல எழுந்து வந்து இரண்டு பைக்கும் நடுவில் வழி இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். வயிறு நிறையச் சாப்பிட்டால் குழந்தைக்கு மூச்சு முட்டும் என்று மாமியார் சொல்லியிருந்தாராம். சேர்ந்தாற்போல் மாதக்கணக்காக அரை வயிறுதான். பக்கத்திலிருந்த பாத்தும்மா, ஆறு பெற்றவர், தன் தட்டிலிருந்த கப்பைக் கிழங்கையும் மீனையும் பீவியின் தட்டில் தள்ளினார். அவள் தலை நிமிராமல் சாப்பிட்டாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. பாத்தும்மா என்னைப் பார்த்து, "டீச்சருக்குக் கல்யாணம் கழிஞ்சதா?" என்றார். இல்லை என்றேன். அவர் பக்கத்துப் பெண்ணிடம் திரும்பி, என் காதில் விழும்படியே சொன்னார்: "கப்பல் ஓட்டப் படிப்பிக்க வந்திருக்கா, இன்னும் படகுலகூட ஏறலையாம்."

தென்னை மரம்

ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குப் பேச அழைத்தார்கள். தலைமை ஆசிரியை ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: படத்தை விரிக்கக் கூடாது, எல்லாவற்றையும் செடிகொடி வைத்து விளக்க வேண்டும். விளக்கினேன். தென்னம்பாளை, ஆண் பூ, பெண் பூ, மகரந்தம், குரும்பை. தலைமை ஆசிரியை பின்பெஞ்சில் உட்கார்ந்து திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சந்தேகம் கேட்கலாம் என்றதும் ஷைலஜா என்ற பெண் எழுந்தாள். "தென்னை மரத்துக்கு மாசாமாசம் வயிறு வலிச்சு ரத்தம் போகுமா டீச்சர்?" யாரும் சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. தனக்கு ஏதோ பெரிய வியாதி, சொன்னால் வீட்டில் பயப்படுவார்கள் என்று மழைக்காலம் முழுக்க யாரிடமும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள். அம்மா இல்லாத பெண் என்று பிறகு தெரிந்தது.

கருப்பை ஒவ்வொரு மாதமும் உள்ளே மெத்தை விரித்துக் காத்திருக்கிறது, கரு தங்காவிட்டால் அந்த மெத்தை கலைந்து வெளியே வருகிறது, இது வியாதி இல்லை, எனக்கும் உண்டு, உன் தலைமை ஆசிரியைக்கும் உண்டு என்று சொல்ல வேண்டும். தென்னை மரத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நான் விழித்துக்கொண்டு நிற்க, தலைமை ஆசிரியை எழுந்து ஜன்னல்களைச் சாத்தினார். வாசலுக்குப் போய்த் திரும்பி என்னைப் பார்த்தார். "படத்தை விரிச்சுக்கோ. நான் வெளியே நிக்கிறேன். யாராவது வந்து கேட்டா, உள்ளே தென்னை மரம்தான் நடக்குதுன்னு சொல்லிக்கிறேன்."

வராத விருந்தாளி

போர்ட் கொச்சியில் ரோசம்மா என்ற மீனவர் மனைவிக்குக் கருத்தடை மாத்திரை கொடுத்திருந்தோம். கணவர் கடலுக்குப் போய்ப் பல நாள் கழித்துத் திரும்புகிறவர். தினமும் ஒன்று விழுங்கினால்தான் முட்டை வெளியே வராமல் இருக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தது. ஆனாலும் ரோசம்மாவுக்கு வாந்தி ஆரம்பித்தது. விசாரித்தால், படகு கரையில் நிற்கிற நாட்களில் மட்டும் மாத்திரை போட்டிருக்கிறார். தினமும் போடச் சொன்னேனே என்று கேட்டேன். ரோசம்மாவுக்கு நியாயமாகவே கோபம் வந்தது. "வராத விருந்தாளிக்கும் தினம் இலை போடணுமா டீச்சரே?"

கடையும் சரக்கும்

சண்முகம் அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர், பஜாரில் பாத்திரக்கடை. நாலு பெண் குழந்தைகள். மனைவி பேச்சியம்மாள் ஐந்தாவதாக உண்டாகியிருந்தார். இதுவும் பெண்ணானால் ஊரில் வேறு பெண் பார்த்து வைத்திருப்பதாக அண்ணாச்சியின் அம்மா சொல்லிவிட்டாராம். ஆண் பிள்ளைக்கு மருந்து கேட்டு வந்தார் அண்ணாச்சி. பேச்சியம்மாள் பக்கத்தில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மருந்து இல்லை, விஷயம்தான் உண்டு என்றேன். பெண்ணின் முட்டை எப்போதும் ஒரே வகை. ஆணின் விந்தணுவில்தான் இரண்டு வகை. முட்டையோடு எந்த வகை சேர்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் பெண்ணோ ஆணோ. அண்ணாச்சி மேஜையில் விரலால் கணக்குப் போட்டார். "அப்பம் ரெண்டாவது கல்யாணம் பண்ணுனாலும் கடைதான் மாறும், சரக்கு அதேதான்னு சொல்லுதீய" என்றார். வியாபாரி, சீக்கிரம் பிடித்துக்கொண்டார். பேச்சியம்மாள் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தார்.

ஐந்தாவதும் பெண். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். அண்ணாச்சி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் அம்மா மட்டும் சுவரைப் பார்த்து நின்றார். கட்டிலிலிருந்து பேச்சியம்மாள் என்னைக் கூப்பிட்டார், குரலில் கொஞ்சம்கூடச் சோர்வில்லை. "அந்தப் பாடத்தை எங்க அத்தைக்கும் ஒருக்கா சொல்லுங்கம்மா. அவியளுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

கண்ணாடிக்குள் ஓடியது

முருகேசன் வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களிடம் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டார். கொஞ்ச நாள் ஜாக்கிரதையாக இருந்து, பிறகு பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தோம். வரவில்லை. அதற்குள் மனைவி செல்விக்குத் தள்ளிப்போனது. முருகேசன் அடிக்கவில்லை, கத்தவில்லை. அவள் துணியை மூட்டை கட்டி வாசலில் வைத்தார். செல்வி அந்த மூட்டையோடு நேராக எங்களிடம் வந்தாள். அழவில்லை. "நான் தப்புப் பண்ணலைன்னு அவருக்குச் சொல்றதுக்கு உங்க படத்துல இடம் இருக்கா?" என்று கேட்டாள்.

எங்கள் நிலைய டாக்டரம்மா ஆள் அனுப்பி முருகேசனை வரவழைத்தார். குழாயை வெட்டினாலும் அதற்கு அப்பால் தேங்கியிருப்பது வற்றச் சில வாரம் ஆகும், சிலருக்கு வெட்டின குழாய் மறுபடி ஒட்டிக்கொள்வதும் உண்டு என்று நான் படம் போட்டுச் சொன்னேன். அவர் நம்பவில்லை. பரிசோதனை செய்து, மைக்ராஸ்கோப்பில் அவரையே பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. குனிந்தவர் நிமிரவே இல்லை. உள்ளே வாலை ஆட்டிக்கொண்டு ஒன்றிரண்டு ஓடிக்கொண்டிருந்தன.

வெளியே வந்து செல்வியின் மூட்டையைத் தன் தோளில் வைத்துக்கொண்டார். வீட்டுப் பக்கம் திரும்பி, அவளுக்காக நின்றார். எல்லாம் சரியாகிவிட்டதே என்று நான் செல்வியைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "பன்னெண்டு வருஷம் கூட இருந்த என்னை நம்பலை டீச்சர், கண்ணாடியில ஓடுன பூச்சியை நம்பிட்டாரு."

நான் தொண்டை வறள நடத்திய பாடத்தை ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்காமலே மட்டாஞ்சேரி முழுக்க வருஷாவருஷம் பிள்ளை பெற்றே தேர்ச்சி அடைந்துகொண்டிருந்தது என்பதுதான் என் உத்தியோகத்தின் சுருக்கம்.