ஆக்சில் மாற்றியவன் ஏறாத வண்டி

வண்டி வேலையில் கை அழுக்கைப் போக்கக் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு பிடி பனியன் வேஸ்ட்டும் போதும். மனசில் ஒட்டியதைப் போக்க இன்னும் ஒன்றும் கடைக்கு வரவில்லை.

உடும்பஞ்சோலைப் பக்கம், ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ரோட்டோரத்தில் என் தகரக் கொட்டகை இருக்கிறது. யாரிடமும் நான் தொழில் கற்றதில்லை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இரவு அடுப்பு பார்த்த காலத்தில், தூக்கம் வராமல், அங்கே செத்துக் கிடந்த ஒரு ஜீப்பைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினேன். ஜீப் கடைசிவரை ஓடவில்லை. நான் மெக்கானிக் ஆகிவிட்டேன். தூக்கம் இன்றுவரை வரவில்லை. ராத்திரியில் ஸ்பேனர் பிடிக்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி முன்னமே தெரிந்திருக்கும்.

வளைந்தது

டிரைவர் செல்வினுடைய பிக்கப் வண்டிக்கு என் மூத்த மகள் வயசு. விடியலில் பாக்கியத்தையும் அவள் வேலைக்குக் கூட்டிவரும் பெண்களையும், மொத்தம் பதினொரு பேரை, தோட்டத்தில் இறக்கும்; சாயங்காலம் பச்சைக்காய் மூட்டைகளோடு அவர்களையும் ஏற்றி வரும். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்தப் பெண்களுக்கும் தெரியும்.

மழையில் பெயர்ந்த ரோட்டுக் குழியில் விழுந்து பின் ஆக்சில் வளைந்துவிட்டது. வலது சக்கரம் நொண்டி மாட்டின் கால் மாதிரி உள்ளே சாய்ந்து நின்றது. நிமிர்த்தினால் நிற்காது, வேறு ஆக்சில்தான் போட வேண்டும், நாலு நாள் ஆகும் என்றேன். செல்வின் முகம் செத்துப்போயிற்று. "நாளைக்குக் காலையில வண்டி நிக்கலேன்னா பாக்கியத்தக்கா ஆளுகள வேற ஜீப்புல ஏத்திருவாக. ஏறுனவுக திரும்பி இறங்க மாட்டாகண்ணே."

ஆக்ரிக் கடை

பழைய இரும்புக் கடைக்கு இங்கே ஆக்ரிக் கடை என்றுதான் பெயர். அன்று மத்தியானமே போனோம். செல்வின் வண்டிக்கு அப்படியே பொருந்துகிற ஆக்சில் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. அதற்குப் பின்னால் வந்த மாடலுடையது ஒன்று மூலையில் மழையில் கிடந்தது. கியர் பல் நன்றாக இருந்தது, குழாய் நேராக இருந்தது. ஆனால் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை உட்காருகிற தட்டுகள் இரண்டும் ரெண்டு விரல்கடை தள்ளி இருந்தன. அதாவது, இருக்கிற தட்டுகளை அறுத்து எடுத்துவிட்டு, சரியான இடத்தில் நானே வெல்டிங் வைக்க வேண்டும். வண்டியின் பாரமெல்லாம் அந்த வெல்டிங்மேல்தான்.

"எந்த வண்டியில இருந்து வந்தது? எங்கேயாவது கவிழ்ந்ததா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுவார். சிரிக்காமல் சொன்னார்: "அண்ணாச்சி, நல்லாயிருக்கிற வண்டியோட ஆக்சில் என்னோட கடைக்கு எதுக்கு வருது?"

மூணு மணிக் கரண்ட்

எங்கள் பக்கம் வோல்டேஜ் ராத்திரி பத்துக்கு மேல்தான் ஏறும். அதற்கு முன்னால் வெல்டிங் குச்சி உருகாது, இரும்பில் ஒட்டிக்கொள்ளும். நான் ராத்திரி வேலைக்காரன் ஆனதற்குப் பாதிக் காரணம் தூக்கமின்மை, மீதி இந்த வோல்டேஜ்.

இடது தட்டு அருமையாக விழுந்தது. வலது தட்டைச் சுற்றி வரும்போது மூணு மணி. பல்பு மங்கியது. குச்சி ஒட்டியது, இழுத்தேன், மறுபடி ஒட்டியது. சுற்று முழுக்கக் கோழி எச்சம் மாதிரி மேலாக உட்கார்ந்தது. அறுத்துவிட்டு, கரண்ட் வரும்வரை காத்திருந்து மறுபடி வைக்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் ஐந்தரைக்குப் பெண்கள் வந்துவிடுவார்கள். கிரைண்டரால் மழுக்கினேன். மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். ஆக்சிலை ஏற்றி, யூ போல்ட் முறுக்கி, பிரேக்கில் காற்று எடுத்து முடித்தபோது மணி ஐந்து. சீட்டில், மாதா படத்துக்குக் கீழே தூங்கிக் கிடந்த செல்வின் எழுந்து வந்து டார்ச் அடித்துப் பார்த்தான். "அண்ணே, கம்பெனியில இருந்து வந்தது மாதிரியில்ல இருக்கு!"

வாந்தி

என்னிடம் சர்டிபிகேட் கிடையாது. அதனால் பாக்கியம் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். பிரேக்கிலோ ஆக்சிலிலோ நான் கைவைத்தால், முதல் நாள் தோட்டத்துக்கு இறங்கும்போது நானும் பெண்களோடு பின்னால் உட்கார வேண்டும். எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு வாந்தி வரும். அது அவர்களுக்கு விடிகாலைச் சிரிப்பு.

அன்றைக்குப் பதினொரு பேரும் ஏறிவிட்டார்கள். செல்வின் ஸ்டார்ட் செய்துவிட்டான். பாக்கியம் நகர்ந்து இடம் விட்டு, "வாங்க மெக்கானிக்கண்ணே" என்றாள். என் கால் எழும்பவில்லை. "இன்னிக்கு வேண்டாம்மா, வயிறு சரியில்ல. வளைவுல வாந்தி வந்துரும்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினாள். "வாந்தி வந்தா துடைச்சிக்கலாம். ஆக்சிலு கழண்டு வந்தா என்னண்ணே செய்ய?"

உளி

மற்றப் பத்துப் பேரும் இறங்கிவிட்டார்கள். பின்னால் வந்த ஜீப்பில் ஐந்து பேருக்குத்தான் இடம் இருந்தது. பாக்கியத்தோடு ஆறு பேர் அன்றைக்குக் கூலி இல்லாமல் லயத்து வீடுகளுக்குத் திரும்பி நடந்தார்கள். செல்வின் ஸ்டியரிங்கில் குத்தினான். "ஏறியிருக்கலாம்ல? ஒரு நா ஏறுனா செத்தா போவீக?" என்று கத்தினான்.

ஆக்சிலை மறுபடி இறக்கினேன். வலது தட்டின் ஓரத்தில் உளியை வைத்து அவன் கையிலேயே சுத்தியலைக் கொடுத்தேன். மூன்றாவது அடியில் தட்டு பெயர்ந்து தரையில் விழுந்தது. உள்ளே இரும்பு வெல்டிங்கே படாமல் பளபளவென்று இருந்தது. செல்வின் அதைக் கையில் எடுத்து, பெயிண்ட் பக்கம் ஒரு தடவையும் உள்பக்கம் ஒரு தடவையும் திருப்பிப் பார்த்தான். கோபப்படுவான் என்று நின்றேன். மெதுவாகத்தான் சொன்னான்: "பதினொரு பேருண்ணே."

பை

அன்று ராத்திரி கரண்ட் நிமிர்ந்து நின்றது. இரண்டு சுற்று வைத்தேன். செல்வின் தூங்கவில்லை, ஒவ்வொரு சுற்றுக்கும் அவனே உளி வைத்து அடித்துப் பார்த்தான். பெயிண்ட் அடிக்கவில்லை.

காலையில் ஆறு பேர் வந்தார்கள். ஜீப்புக்குப் போன ஐந்து பேர் அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. அந்த இடத்தில் செல்வின் இப்போது உரமூட்டை ஏற்றுகிறான். நான் யாரும் கூப்பிடுவதற்கு முன்பே ஏறி, வலது சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்தேன். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. காது முழுக்கக் கீழேதான். மூன்றாவது வளைவில் வாயைப் பொத்திக்கொண்டேன். பாக்கியம் மடியிலிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்து நீட்டினாள். "இதுல எடுங்க. நேத்தைக்குள்ளதையும் சேத்தே எடுத்துருங்க."

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வைத்த பரீட்சையில் அந்தப் பையைக் கையில் பிடித்தபடிதான் தேறினேன் என்றாலும், பதினொன்றுக்கு ஆறுதான் மார்க்.