டிக்கோயாவில் ஒரு மாத ஜெல்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஊர் சுற்றும் ஆசை இல்லை, சந்தேகம். 2006 ஜூனில் அக்கா போன் பண்ணினாள். டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறாள், சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வேறு. "தம்பி, இங்க புதுசா வந்த கிளினிக்காரரு என் கால் புண்ணுக்குப் புது ஜெல்லு வச்சிருக்காரு. ஜீனு உள்ள போயி தோலையே மாத்திருமாம். ஒரு மாசத்துக்குக் கட்டப் பிரிக்க வேணாமாம்."

கொழும்பில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் அப்படி ஒரு ஜெல்தான் செய்து பார்த்தார்கள். வைரஸ் இல்லாமல், மரபணுவை ஜெல்லுக்குள் அடைத்துப் புண்ணில் வைப்பார்கள். அது மெல்ல மெல்லக் கசிந்து, புண்ணை ஆற்றும் புரதத்தைத் தோலையே செய்ய வைக்கும். ஆனால் எலியைத் தாண்டி யாருக்கும் வைத்ததில்லை. தோட்டத்துச் சனம்தானே என்று எவனோ கையை வைத்துவிட்டானா?

கொழும்பு கோட்டையில் காலை ரயில், ஹட்டனில் பதினொரு மணி. வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். நான் பிடித்தும் ஒன்றையும் பார்க்கவில்லை. அடையாள அட்டை கையிலேயே இருக்கட்டும், யுத்த நேரம், வழியில் இரண்டு தடவை ஆமிக்காரர்கள் கேட்டார்கள். டிக்கோயா ஐந்து கிலோமீட்டர், ஆட்டோ நூற்றைம்பது ரூபாய்.

"அந்த கிளினிக்குங்களா? கைராசிக்காரருங்க," என்றார் டிரைவர்.

"எத்தன வருசமா இருக்காரு?"

"போன மாசந்தாங்க வந்தாரு."

கிளினிக்காரர் டியூபை நீட்டினார். கொழும்பில் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் சாதாரணத் தண்ணீர் ஜெல். ஜீன் எங்கே என்றேன். "பேப்பர்ல வந்துச்சே, அதே மாதிரிதான்," என்றார். நாலு வார்த்தை நன்றாகத் திட்டினேன். ஆனாலும் மனசு லேசாகிவிட்டது. ஏமாற்றுதான், பரிசோதனை இல்லை. அந்த நிம்மதியோடுதான் அக்கா குடியிருக்கும் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, ஏறினேன்.

வாசலிலேயே வாடை அடித்தது. மழையும் அட்டையும் படாமல் இருக்க, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படங்கில் ஒரு துண்டைக் கிழித்து அக்கா கட்டின் மேல் இறுக்கிச் சுற்றியிருந்தாள். மூன்று வாரமாகப் பிரிக்கவே இல்லை.

"வலிக்கலயா?"

"வலியே இல்ல தம்பி. தினம் கட்டு மாத்தப் போனா அன்னைக்குப் பேரு விழாது, சம்பளம் போச்சு. இது வச்சதுலேருந்து ஒரு நா கூட காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்குத் தப்பல."

பிரித்தேன். கால் சுண்டுவிரல் கறுத்திருந்தது. சீனியில் கால் மரத்துப் போனதால்தான் வலி தெரியவில்லை. கீழே காத்து நின்ற அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். விரலை எடுத்தார்கள், கால் தப்பியது. ஜீனைச் சந்தேகப்பட்ட எனக்கு அந்த 'ஒரு மாசம்' உறைக்கவே இல்லை. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

உறவுக்காரரைப் பார்க்க மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கொண்டுபோன வெள்ளைப்பூண்டும் பிஸ்கட்டும் அப்புறம் கொடுக்கலாம். சீனி வருத்தக்காரர் காலில் கட்டு இருந்தால் முதலில் அதைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி படுத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப அந்த ஜீனு மருந்து பொய்யா தம்பி?"

"பொய் இல்லக்கா. நெசந்தான். இன்னும் எலிக்குத்தான் வைக்கிறாங்க."

"எலிக்கு ஆறுச்சா?"

"ஆறுச்சு."

"அந்த எலியாவது நல்லா இருக்கட்டும்," என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.