சார்ஜன்ட்டுக்குத் தோள் கொடுத்த கைதி

ஆண்டவருடைய பிள்ளைகளே, என் கணவரின் நெஞ்சில் ஏதோ கோளாறு என்று எனக்கு முதலில் தெரிந்தது ஆலயத்தில்தான். அவர் பாடினால் முன் வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அத்தனை பெரிய குரல். ராகம் மட்டும் கூடவே வராது. அந்தக் குரல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டின் நடுவிலே அறுந்து நின்றது. திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் பிற்பகுதி அது. அவர் பொலிஸ் சார்ஜன்ட். நான் இலங்கை மலையகத்தில் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

அதன்பிறகு நான் கவனிக்கத் தொடங்கினேன். மேட்டில் ஏறும்போது பூட்ஸ் கயிற்றைச் சரிசெய்வதுபோல் குனிந்து நிற்பார். இடது தோளைத் தேய்ப்பார். கேட்டால் வாயு என்பார்.

"என்னங்க, டொக்டர்கிட்ட ஒருக்கா காட்டிட்டு வருவோமே."

"பொலிஸ்காரன் நெஞ்ச புடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரில போயி நின்னா ஸ்டேஷனே சிரிக்கும் டீச்சரம்மா. இஞ்சி தட்டிப் போட்டு ஒரு பிளேன்டீ குடுங்க, சரியாப்போயிரும்."

கோபித்துக்கொள்ளவும் முடியாது. என்னை டீச்சரம்மா என்று கூப்பிட்டாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அது அவருக்குத் தெரியும்.

ஆனால் தனியாக இருக்கும்போது அழுதேன். அடுப்படியில் முழங்காலிட்டு இப்படித்தான் ஜெபித்தேன்: "ஆண்டவரே, என் பேச்சை இவர் கேட்கமாட்டார். இவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒருவரை நீரே அனுப்பும்." போதகர் வருவார், இல்லாவிட்டால் இன்ஸ்பெக்டர் ஐயா சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மழைக்காலம் முழுவதும் அப்படியே போயிற்று. ஜெபிக்கவே மனம் சோர்ந்துவிட்டது.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு ஆள் வந்தது. "சார்ஜன்ட் ஐயாவ ஆஸ்பத்திரில படுக்க வச்சிருக்காங்க." கையில் இருந்த வெண்கட்டியைக்கூட வைக்காமல் ஓடினேன்.

நடந்தது இதுதான். ஓடைக்கரையில் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கொன்ஸ்டபிள் பண்டாவும் இவரும் பள்ளத்தில் இறங்கியிருக்கிறார்கள். காய்ச்சிக்கொண்டிருந்தவர்களில் மாரிமுத்து என்பவர் தப்பி ஓடுகிற அவசரத்தில் அடுப்பின் மேலேயே விழுந்து கையைச் சுட்டுக்கொண்டார். மற்றவர்களைப் பண்டாவிடம் விட்டுவிட்டு, மாரிமுத்துவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இவர் தனியே மேடேறினார். பாதி வழியில் நெஞ்சு அடைத்தது. தேயிலைச் செடிகளுக்கிடையே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். எழும்ப முடியவில்லை.

ஆஸ்பத்திரி விறாந்தையில் கையில் கட்டுடன் மாரிமுத்துவே எனக்குச் சொன்னார்:

"ஐயாவுக்கு ஒடம்பெல்லாம் வேத்து ஊத்திருச்சு டீச்சரம்மா. 'நீ ஓடிராதடா'ன்னு சொல்லக்கூட மூச்சு இல்ல. நான் ஓடியிருக்கலாம். ஓடுனா ஐயாவ யாரு மேல கொண்டாறது? நல்லா இருந்த கையால புடிச்சு ரோட்டு வரைக்கும் கூட்டியாந்து ஒரு லொறிய நிப்பாட்டுனேன்."

அங்கேயும் இவர் விறைப்பாக நின்று, "கைதிக்கு மருந்து போடணும் டொக்டர்" என்றாராம். அதற்கு மாரிமுத்து, "எனக்குக் கை மட்டுந்தாங்க. மொதல்ல ஐயாவோட நெஞ்சப் பாருங்க" என்றிருக்கிறார். டொக்டர் இவருடைய முகத்தைப் பார்த்தார். சட்டையைக் கழற்றச் சொன்னார். குழாய் வைத்துக் கேட்டார். இரத்த அழுத்தம் பார்த்தார். அப்படியே கட்டிலில் படுக்க வைத்துவிட்டார்.

உடம்பில் ஒயர்களை மாட்டி இதயத்தின் துடிப்பைத் தாளில் வரைகிற இயந்திரம் கண்டியில் இருந்தது. அங்கே அனுப்பினார்கள். இரத்தக் கொதிப்பு முற்றி இதயம் களைத்துப்போயிருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் மேட்டிலேயே விழுந்திருப்பார் என்றார்கள். நீண்ட நாள் படுக்கை. உப்பு இல்லை, சிகரெட் இல்லை. "உப்பில்லாத கறிக்கு மாரிமுத்து காய்ச்சுனதே தேவல" என்று அவர் முணுமுணுத்தபோது, இவர் பிழைத்துவிடுவார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

நான் போதகரை எதிர்பார்த்தேன். ஆண்டவரோ என் கணவர் கைதுசெய்த மனிதரையே அனுப்பினார். வழக்கு நடக்காமல் இல்லை. ஆனால் என் கணவர் மேட்டில் நடந்ததைக் கோர்ட்டில் மறைக்காமல் சொன்னார். நீதவான் தண்டனையைக் குறைத்தார்.

வேலைக்குத் திரும்பியதும் இவர் முதலில் செய்தது, இன்ஸ்பெக்டர் ஐயாவிடம் பேசி டொக்டரை ஸ்டேஷனுக்கே வரவழைத்ததுதான். பரேட் முடிந்ததும் எல்லாருக்கும் நெஞ்சுப் பரிசோதனை. இவரே முதல் ஆளாகச் சட்டையைக் கழற்றி நின்றார். "சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சிருங்கப்பா" என்றாராம். ஒருவரும் சிரிக்கவில்லை. காளை மாதிரி இருந்த பண்டாவுக்கும் இரத்தக் கொதிப்பு இருந்தது. ஒரு நோவும் அறியாத மனிதர்! அடுத்த வாரம் அவருடைய மனைவி கினிகத்தேனையிலிருந்து பாற்சோறு கொண்டுவந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் என்னவோ சொல்லி அழுதார். எனக்குப் பாதிதான் விளங்கியது. நானும் சேர்ந்து அழுதேன்.

இன்று எங்கள் மூத்தவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம். அவளைக் கைப்பிடித்துக் கொடுக்க அவளுடைய அப்பா இருக்கிறார். இதற்கு நான் எப்படி நன்றி சொல்லி முடிப்பேன்?

காக்கி உடுப்புக்காரரின் வீட்டில் காத்திருக்கும் சகோதரிகளே, மனம் சோராமல் ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு அவரைக் கையோடு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நோவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சட்டையைக் கழற்றி நெஞ்சைக் காட்டுவது அவிசுவாசம் அல்ல. அந்த நெஞ்சை உண்டாக்கியவர், அதைக் காக்கிற வழியையும் உண்டாக்கியிருக்கிறார்.