விட்ட பிறகும் சுற்றிய மெஷின்

1. நான்காவது குழி

லீவரை விட்டால் பிட் நிற்கும். குழி தோண்டும் மெஷின் வாங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் சுப்பையா அண்ணாச்சி வீட்டுப் பின்புறம், நான்காவது குழியில் அவர் லீவரை விட்டார். பிட் நிற்கவில்லை.

இந்த மெஷினைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலே சின்ன பெட்ரோல் இன்ஜின், இரண்டு பக்கமும் கைப்பிடி, கீழே இடுப்பு உயரத்துக்குத் திருகு மாதிரி ஒரு பிட். வலது கைப்பிடியில் ஒரு லீவர். அதை அழுத்தினால் பிட் சுற்றி மண்ணுக்குள் இறங்கும். வேலிக்கல் நட ஒரு ஆளே பிடித்துக் குழி எடுத்துவிடலாம்.

பிட் கல்லில் மாட்டியது. "விடுங்க அண்ணாச்சி, விடுங்க!" என்று கத்தினேன். அவர் விட்டதை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் கீழே பிட் அசைய முடியாமல் நிற்க, மேலே இருந்த மெஷின் சுற்றியது. கைப்பிடி அவர் மணிக்கட்டில் அடித்தது. அவர் பின்னால் விழுந்தார். மெஷின் சாய்ந்து தரையில் கிடந்தபடி முழு வேகத்தில் மண்ணை வாரி இறைத்தது. ஆஃப் சுவிட்ச் கைப்பிடியில்தான் இருக்கிறது. பிட் பக்கம் போகாமல், இன்ஜின் பக்கமாகச் சுற்றிப் போய் அழுத்தினேன். நின்றது.

எனக்கு எதுவும் புரியவில்லை.

2. தனியாகப் போன முதல் டெமோ

நான் தளவாய்புரத்துக்காரி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ராஜபாளையத்தில் விவசாயக் கருவிகள் விற்கும் ஒரு கடையில் சேர்ந்தேன். இங்கிலீஷ் மேனுவலை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தவள் அந்தக் கடையில் நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்கவில்லை.

ஆறு மாதம் சீனியர் மெக்கானிக்கின் கூடவே போனேன். அதன் பிறகு முதலாளி காதர் பாய் கூப்பிட்டார்.

"இன்னைக்கு நீ தனியாப் போ. ஒழுங்கா முடிச்சிட்டு வந்தா இனிமே ஃபீல்டு டெமோ உனக்கு. சொதப்புனா கவுண்டர்ல உக்காந்து பில் போடு. பில் போடவும் ஆள் வேணும்லா."

சுப்பையா அண்ணாச்சி வீட்டில் நான்கு பசு. பால் முழுக்கப் பால்கோவா கடைகளுக்குப் போகிறது. கன்றுக்குட்டிகள் ரோட்டுக்கு ஓடுவதால் கொல்லையைச் சுற்றி வேலி போட வேண்டும். வாடகைக்கு எடுக்காமல் மெஷினையே விலைக்கு வாங்கியிருந்தார்.

நான் போனதும் மேனுவலில் உள்ளபடி ஒவ்வொன்றாகச் செய்தேன். போர் மோட்டார் கேபிள் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டு, அந்த வரிசையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதிலிருந்து தள்ளியே குழிக்கு இடம் குறித்தேன். பசுக்களை வேறு பக்கம் கட்டச் சொன்னேன். பெட்ரோலில் டூ-டி ஆயில் கலந்தேன். அண்ணாச்சி கழுத்தில் இருந்த துண்டை எடுக்கச் சொன்னேன். லுங்கியையும் மாற்றச் சொன்னேன்.

"என் கல்யாணத்துக்கே நான் பேண்ட் போட்டதில்ல தாயி."

"மெஷினுக்குப் போடுங்க அண்ணாச்சி. லுங்கி பிட்டுல சுத்துச்சுன்னா காலையும் சேத்து இழுத்துரும்."

அவர் மனைவி லட்சுமி அக்கா சிரித்தார். "இருவது வருசமா நான் சொல்லி ஒண்ணு கேட்டதில்ல. இந்தப் புள்ள சொன்னதும் ஓடுதாரு பாரு, பேண்டைத் தேடி."

எங்கள் பக்கம் புது வண்டியோ மெஷினோ பூசை போடாமல் ஓடாது. அக்கா இன்ஜினில் சந்தனம், குங்குமம் வைத்தார். ஒரு முழம் பூவை என்னிடம் நீட்டினார்.

"நீ படிச்ச புள்ள. உன் கையால சுத்து, ராசியா இருக்கும்."

நான் பூரித்துப் போனேன். வலது கைப்பிடியில், லீவருக்கு ஒரு விரல் மேலே, அழகாகச் சுற்றி முடிச்சுப் போட்டேன்.

முதல் மூன்று குழியை நான் எடுத்துக் காட்டினேன். காலை அகட்டி நில்லுங்கள், மெஷினை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள், ஒரே மூச்சில் இறக்காமல் அரையடிக்கு ஒரு தரம் தூக்கி மண்ணை வெளியே எடுங்கள், கல் தட்டுப்பட்டால் லீவரை விட்டு இன்ஜினை அணைத்துவிட்டுக் கடப்பாரையால் கல்லை எடுங்கள் என்று சொன்னேன். நான்காவது குழிக்கு அண்ணாச்சி பிடித்தார்.

3. ஃபால்ட் எங்கே?

அண்ணாச்சியின் மணிக்கட்டு வீங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் பைக்கில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

நான் மெஷினைப் பரிசோதித்தேன். லீவரை அழுத்தினேன், விட்டேன். டக்கென்று திரும்பியது. கேபிள் சிக்கவில்லை. ஸ்பிரிங் சரி. பத்துத் தடவை பார்த்தேன், பத்துத் தடவையும் திரும்பியது. அப்படியானால் அண்ணாச்சி விடவில்லையா? விட்டதைப் பார்த்தேனே. ஒருவேளை நான்தான் தப்பாகப் பார்த்தேனா?

காதர் பாய்க்குப் போன் செய்தேன்.

"ஆளுக்கு எப்படி இருக்கு?"

"எக்ஸ்ரே எடுக்கப் போயிருக்காவ பாய்."

"மெஷின் ஃபால்ட்டா, ஆள் ஃபால்ட்டா?"

"தெரியல பாய்."

"தெரியலன்னு ரிப்போர்ட்டுல எழுத முடியாதும்மா. மெஷின் ஃபால்ட்டுன்னு எழுது. கம்பெனிக்குத் திருப்பிருவோம், அவருக்கு வேற மெஷின் வந்துரும். உனக்கும் தலைவலி இல்ல."

அப்படி எழுதினால் ஃபீல்டு வேலை எனக்கு நிச்சயம். பேனாவை எடுத்தும்விட்டேன். ஆனால் எந்தப் பாகத்தில் ஃபால்ட் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

லட்சுமி அக்கா மண்ணில் கிடந்த பூச்சரத்தைப் பொறுக்கினார். முகம் வாடியிருந்தது. "முத நாளே சாமி பூ அந்து விழுந்துட்டே. இந்த மெஷின் எங்களுக்கு வேண்டாம் தாயி."

சரத்தை வாங்கிப் பார்த்தேன். முடிச்சு அவிழவில்லை. வேறொரு இடத்தில் நார் அறுந்திருந்தது. ஒரு பக்கப் பூ மட்டும் கூழாக நசுங்கியிருந்தது. இன்ஜின் ஆஃபில் இருக்க, அந்த நாரை மறுபடி வளையமாக முடிந்து கைப்பிடியில் மாட்டினேன். லீவரை அழுத்தியபடி வளையத்தைக் கொஞ்சம் கீழே தள்ளினேன். பிறகு லீவரை விட்டேன். திரும்பவில்லை. வளையம் கைப்பிடியையும் லீவரையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தது. மூன்று குழி எடுத்த அதிர்வில் சரம் மெல்ல இறங்கியிருக்கிறது. தரையில் உரசி நைந்த நார், அணைத்த பிறகு மெஷினை நான் தூக்கி நிறுத்தியபோது அறுந்து விழுந்ததால், நான் சோதித்தபோது எல்லாம் சரியாகவே இருந்திருக்கிறது.

துண்டை எடுக்கச் சொன்னவள், லுங்கியை மாற்றச் சொன்னவள், பூவை மட்டும் நானே கட்டிவிட்டேன். பூ கட்டக் கூடாது என்று மேனுவலில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அதை எழுதியவர்களுக்கு நம் ஊர் பூசை எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். ஆனால் நான் யோசிக்கவில்லை.

"அக்கா, சாமியும் இல்ல, மெஷினும் இல்ல. நான் கட்டுன இடந்தான் தப்பு" என்று சொல்லி, லீவரில் செய்து காட்டினேன். அக்கா லீவரைத் தானும் ஒரு தடவை அழுத்தி விட்டுப் பார்த்தார். பிறகு, "அவரு கையி எம்புட்டு வீங்கிப் போச்சு பாத்தியா?" என்றார்.

ரிப்போர்ட்டின் அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.

4. கவுண்டர்

எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். ஆனாலும் இரண்டு வாரம் அந்தக் கையால் பால் கறக்கக் கூடாது என்றுவிட்டார்கள்.

"உண்மையச் சொன்னதுக்குப் பாராட்டுவேன்னு நினைக்காத. கவுண்டர்ல உக்காரு" என்றார் காதர் பாய். உட்கார்ந்தேன். வீட்டில் அம்மா, "ஏட்டி, மெஷின் மேலயே போட்டிருக்கலாம்லா? அதுக்கு என்ன மானமா போவுது?" என்றாள். நான் செய்தது சரிதானா என்று பில் போட்டுக்கொண்டே குழம்பினேன்.

இரண்டாவது வாரம் காதர் பாய் கவுண்டருக்கு வந்தார். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல மிச்சக் குழி எடுக்கணுமாம். சீனியரை அனுப்புதேன்னு சொன்னேன். அவிய உன்னையத்தான் கேக்காவ. ஏன்னு எனக்கு வெளங்கல."

எனக்கும் விளங்கவில்லை. போனேன்.

அண்ணாச்சி கையில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். லட்சுமி அக்கா, அவருடைய பேண்ட்டைக் காலில் மடித்து மாட்டிக்கொண்டு மெஷின் பக்கத்தில் நின்றார்.

"என்னத்தப் பாக்க? இந்த மனுசன் கை சரியாகுத வரைக்கும் கன்னுக்குட்டி காத்திருக்குமா? தப்பை ஒத்துக்கிட்டவ நீதான், நீயே சொல்லிக் குடு."

அன்று நான் எடுத்த எடுப்பில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவில்லை. நிறுத்துவதிலிருந்து ஆரம்பித்தேன். ஆஃப் சுவிட்ச் எங்கே என்று பார்க்காமல் தொட்டுக் காட்டச் சொன்னேன். லீவரை அழுத்தி விடச் சொன்னேன். அது முழுதாகத் திரும்புகிறதா என்று அக்காவையே பார்க்கச் சொன்னேன். அக்காவுக்குச் சலிப்பு வரும் வரை செய்ய வைத்தேன்.

"ஏட்டி, எப்பதான் தோண்ட விடுவ?"

"கண்ணை மூடிக்கிட்டு இன்னும் ஒரு தடவை நிறுத்துங்க அக்கா. பொறவு தோண்டலாம்."

இந்த வேலைக்கு வரும் தங்கைகளுக்கு நான் சொல்வதும் அதுதான். ஓட்டக் கற்றுக்கொடுப்பது சுலபம். வாடிக்கையாளர் தன் கையால் நிறுத்திக் காட்டும் வரை ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்காதீர்கள்.